கெல்வின் பைபஸ் ஊரை லினக்ஸுக்கு மாற்றிய கதை

கெல்வின் பைபஸ் எதையும் தனக்காக மட்டும் செய்துகொண்டதில்லை. அவருக்கு ஒன்று பிடித்துப்போனால் போர்ட் ஹாலத்தில் இருக்கிற மற்ற எண்ணூற்றுப் பதினொரு பேருக்கும் அது பிடித்தாக வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அவர்களுக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். புரியும்வரை சொல்வார்.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அப்பா சிப்பிப் படகு வைத்திருந்தவர். அப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் ஹோல்டன் கார்தான் ஓட்டினார்கள். டாஸ்மேனியாவின் கிழக்குக் கரையில் அது கார் இல்லை, ஜாதி. கெல்வின் இருபத்தாறு வயதில் ஒரு ஃபோர்டு வாங்கிவந்து வாசலில் நிறுத்தினார். அதோடு விட்டிருந்தால் அப்பா மன்னித்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் முன்னால் இருக்க, ஹோல்டன் ஓட்டுகிறவர்கள் ஏன் ஏமாளிகள் என்று இவர் முக்கால் மணி நேரம் விளக்கினார். அப்பா அதற்குப் பிறகு இரண்டு வருடம் பேசவில்லை. அது அப்பா யோசிப்பதற்கு எடுத்துக்கொண்ட அவகாசம் என்றே கெல்வின் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தொலைபேசி இலாகாவில் கம்பம் ஏறும் வேலை கிடைத்தது. இருபத்தொன்பது வருடம் பார்த்தார். உயரத்தில் இருந்துகொண்டு கீழே நிற்பவருக்கு அறிவுரை சொல்வதற்கு அதைவிட வசதியான வேலை உலகத்தில் இல்லை. கீழே நிற்பவருக்குத் தன் வீட்டுத் தொலைபேசி சரியாக வேண்டும், அதனால் நகரவும் மாட்டார்.

ஓய்வு பெற்றதும் பதினான்கு மாதம் காய்கறி மட்டும் சாப்பிட்டார். தான் சாப்பிட்டது போதாதென்று கசாப்புக் கடை வாசலில் நின்று வருகிற போகிறவர்களிடம் அதைப் பற்றிப் பேசினார். நண்டுக் காலம் தொடங்கிய அன்று அந்தக் கொள்கை கடலோடு போயிற்று. அப்புறம் விடிகாலையில் பனிபோன்ற கடலில் குளிப்பது. அதற்குத் துண்டுப் பிரசுரமே அடித்தார். பிரசுரம் தீர்வதற்கு முன்பு இவருக்கு நிமோனியா வந்துவிட்டது. மிச்சப் பிரசுரங்களை மனைவி ரேலீன் அடுப்பு பற்றவைக்க வைத்துக்கொண்டார்.

ரேலீன் பள்ளிக்கூடச் சிற்றுண்டிக் கடையை முப்பது வருடம் நடத்தியவர். இருநூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்துவதைக் கேட்டுப் பழகிய காது. கணவர் பேச ஆரம்பித்தால் "சரி கெல்" என்பார். அதற்குச் சம்மதம் என்று பொருள் இல்லை, மறுப்பு என்றும் இல்லை. வெளியே மழை பெய்கிறது என்று ஒருவர் சொன்னால் நாம் ‘ம்’ கொட்டுவோமே, அந்த ரகம்.

இப்படிப்பட்ட மனிதருக்கு 2019இல் லினக்ஸ் கிடைத்தது.

அதுவரை அவர் மடிக்கணினியில் ஊரில் எல்லாரையும் போல விண்டோஸ்தான். கணினி பழசாகி முனகிக்கொண்டிருந்தது. நூலகத்தில் ஒரு பத்திரிகையைப் புரட்டியவர், பழைய இயந்திரத்திலும் ஓடக்கூடியது, இலவசம், பெங்குவின் படம் போட்டது என்று ஒன்று இருப்பதைப் படித்தார். வீட்டுக்கு வந்து போட்டார். முதல் தடவையே வேலை செய்தது. அதுதான் ஊருக்குப் பிடித்த சனி. கொஞ்சம் மக்கர் பண்ணியிருந்தால் ஆறு வருடம் நாங்கள் நிம்மதியாக இருந்திருப்போம்.

முதலில் ரேலீனின் கணினியை, அவரைக் கேட்காமலே, மாற்றினார். ரேலீன் அதில் பெர்த்தில் இருக்கிற மகளோடு வீடியோவில் பேசுவார், சொற்களைக் கோக்கிற விளையாட்டு ஒன்று ஆடுவார். மாற்றி எட்டு நாள் ஆகியும் ஒரு வார்த்தை வரவில்லை. ஒன்பதாவது நாள் கெல்வினால் தாங்க முடியவில்லை.

"ஒண்ணும் வித்தியாசம் தெரியலையா உனக்கு?"

"எதுல?"

"கம்ப்யூட்டர்ல!"

ரேலீன் திரையை உற்றுப் பார்த்தார். "பின்னால மலைப் படம் மாறியிருக்கு."

"மொத்தமும் மாறியிருக்கு ரேலீன்! அடியிலேருந்து மொத்தமும்!"

"சரி கெல். மலை நல்லாத்தான் இருக்கு."

ஒரு புரட்சிக்காரனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் வராது. அன்றைக்கு அவர் இரவுச் சாப்பாட்டில் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்து அவர் வெளியே கிளம்பினார். லாரல் என்பவரின் கணவர் டெஸ் இறந்துபோய், சர்ச்சிலிருந்து பெட்டி வெளியே வருகிறது. வரிசையில் நின்று லாரலின் கையைப் பிடித்த கெல்வின் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "டெஸ்ஸோட பழைய கம்ப்யூட்டர தூக்கிப் போட்டுடாதீங்க. அதுக்கு இன்னும் உயிர் இருக்கு." லாரல் அதற்குப் பிறகு கெல்வின் வீடு இருக்கிற தெரு வழியாகப் போவதில்லை.

ஆறு வருட உழைப்பில் கெல்வின் மாற்றிய கணினிகள் மூன்று. தன்னுடையது, ரேலீனுடையது, புல்வெளிப் பந்தாட்ட கிளப்பில் யாரும் தொடாமல் இருந்த ஒன்று.

எங்கள் ஊர் சமூக வானொலி, விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறது. எல்லாரும் சம்பளம் இல்லாத ஆட்கள். கடல் நிலவரம், கிரிக்கெட் முடிவு, காணாமல் போன நாய்கள், பாட்டு. பாட்டுகளை எல்லாம் ஒரு கணினி வரிசையாக வைத்துக்கொண்டு ஓட்டும். 2025 செப்டம்பரில் அந்தக் கணினி திரையில் ஒரு அறிவிப்பு வந்து நின்றது. அதில் இருந்த விண்டோஸுக்கு அக்டோபர் பதினாலோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும், புதிய விண்டோஸுக்கு இந்த இயந்திரம் பொருந்தாது.

உலகத்தில் கோடிக்கணக்கான பேர் அந்த அறிவிப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். கெல்வின் ஒருவர்தான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கமிட்டிக் கூட்டத்துக்குப் போனார்.

கமிட்டித் தலைவர் ஸ்பைரோ கராஸ். மீன் வறுவல் கடை வைத்திருப்பவர். அவர் ‘புதுசு ஒன்று வாங்கிவிடலாமா’ என்று வாயைத் திறந்ததும் கெல்வின் எழுந்துவிட்டார். நாற்பது நிமிடம் பேசினார். சுதந்திரம் என்றார், விலங்குகளை உடைப்பது என்றார். வைத்திருந்த தேநீர் ஆறிப் போயிற்று. தேங்காய்த் துருவல் தூவிய கேக்கை முடித்துவிட்டு ராய் என்பவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசியில் மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. "கெல்வின், எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. அது என்கூடப் பேசுமா?"

கேட்டது யூனா கிராக்னெல். எழுபத்தைந்து வயது. முப்பத்தொன்றாம் வயதில் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்பு கொடுக்கும் வேலைக்குப் போய், இருபத்திரண்டு வருடம் அங்கே இருந்தார். பத்தொன்பது வருடமாக ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நேயர் விருப்பம் நடத்துகிறார். ஒரு காதில் சின்ன இயர்போன் மாட்டியிருப்பார். திரையில் இருப்பதைக் கணினி ஒரு குரலில் அதில் படித்துச் சொல்லும். அது படிக்கிற வேகம் நமக்குக் கேட்டால் கொசு பாடுகிற மாதிரி இருக்கும். யூனாவுக்குப் புரியும். அதைக் கேட்டுக்கொண்டே, மைக்கில் ஒருத்திக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டே, கையால் அடுத்த பாட்டை எடுப்பார்.

"பேசும் யூனா. இப்ப இருக்கறதைவிட நல்லாவே பேசும்" என்றார் கெல்வின்.

"நீ கேட்டுப் பாத்தியா?"

"அதெல்லாம் உள்ளேயே இருக்கு. பத்து நிமிஷத்துல நீங்க கத்துக்கலாம்."

அவர் கேட்டுப் பார்க்கவில்லை. பட்டியலில் அப்படி ஒரு வரி இருப்பதை ஒருமுறை பார்த்திருந்தார், அவ்வளவுதான். ஆனால் பொய் சொன்னதாக அவருக்குத் தோன்றவே இல்லை. நம்பிக்கை உள்ளவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

கமிட்டி சம்மதித்தது. அக்டோபர் பதினோராம் தேதி சனிக்கிழமை கெல்வின் கொட்டகையின் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பாட்டுகளை எல்லாம் பத்திரமாக எடுத்து வைத்தார், பழையதைத் துடைத்தார், புதியதை ஏற்றினார். வசதிக்காகத் தன் வீட்டுக் கோப்புகள் கிடந்த ஒரு அடைவையும் அப்படியே முகப்பில் கொண்டுவந்து போட்டார். மாலைக்குள் எல்லாம் ஓடியது. யூனாவுக்கான குரலையும் முடுக்கினார். அது இவர் சுட்டி போன இடமெல்லாம் பின்னாலேயே வந்து படித்துக்கொண்டிருந்தது எரிச்சலாக இருந்தது. "ஆமாம், பேசுது" என்று தலையை ஆட்டிவிட்டு அணைத்தார். நாளைக் காலை கணினியை முடுக்கினால் அதுவும் தானாகப் பேச ஆரம்பிக்கும்படி மட்டும் வைத்தார். இயந்திரத்தின் நெற்றியில் பெங்குவின் ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

ஒன்றை மட்டும் கவனிக்கவில்லை. பழைய ஏற்பாட்டில் பாட்டு ஒரு வழியாக ஒலிபரப்புக்குப் போகும், படிக்கிற குரல் இன்னொரு வழியாக யூனாவின் காதுக்குப் போகும். புதிய ஏற்பாட்டில் இரண்டும் ஒரே வழியாக ஒலிபரப்புக்குத்தான் போயின.

ஞாயிறு காலை ஒன்பது மணி. கெல்வின் சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி வானொலியைச் சத்தமாக வைத்தார். தன் பிள்ளையின் பள்ளி ஆண்டு விழாவுக்கு முதல் வரிசையில் உட்கார்ந்த தகப்பன் மாதிரி இருந்தார்.

செய்தி முடிந்தது. யூனா மைக்கைத் திறந்தார். "வணக்கம் போர்ட் ஹாலம். இன்னிக்குத் தென்காத்து கொஞ்சம் அடங்கியிருக்கு, படகுக்காரங்களுக்கு நல்ல நாள்..."

அதன் மேலேயே ஒரு ஆண்குரல், உணர்ச்சியில்லாமல், அடித்தொண்டையில் பேசியது: "முகப்பு. குப்பைத் தொட்டி. காலி."

ரேலீன் தலையை நிமிர்த்தினார். "யாரது?"

"அது... அது யூனா காதுல வரவேண்டியது" என்றார் கெல்வின்.

யூனாவின் காதில் ஒரு சத்தமும் இல்லை. மைக் திறந்திருக்கும்போது அறைக்குள் இருக்கிற ஒலிபெருக்கி தானாக அணைந்துவிடும், அதனால் ஊரெல்லாம் கேட்கிற குரல் அவருக்கு மட்டும் கேட்கவில்லை. ஒலிபரப்பில் மௌனம் விடக்கூடாது என்பது யூனாவின் சட்டம். "நம்ம புதுக் கம்ப்யூட்டருக்கு இன்னும் தூக்கம் கலையல போல. அது எந்திரிக்கிறவரைக்கும் நாம பேசிட்டிருப்போம்" என்று சொல்லிக்கொண்டே பேச்சை நிறுத்தாமல் ஒவ்வொரு விசையாகத் தட்டிப் பார்த்தார். தட்டியதற்கெல்லாம் ஊருக்குப் பதில் வந்தது.

"அடைவு. கெல்வின் சொந்தம். கோப்பு. சுதந்திர உரை, கடைசி. கோப்பு. சுதந்திர உரை, கடைசியிலும் கடைசி. கோப்பு. மச்சானுக்குக் கடிதம், அனுப்பாதது. கோப்பு. தலைமுடி வளர எண்ணெய்."

யூனாவின் வேகத்தில் அது படித்திருந்தால் யாருக்கும் ஒரு எழுத்தும் புரிந்திருக்காது. வேகத்தை ஏற்றவும் கெல்வின் மறந்திருந்தார். அதனால் பாலர் பள்ளி டீச்சர் மாதிரி நிறுத்தி நிறுத்தித் தெளிவாகப் படித்தது.

"எண்ணெய் வாங்கினியா கெல்?" என்றார் ரேலீன்.

கெல்வின் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் யூனாவின் விரல் ஒரு கோப்பின் மேல் நின்று அதைத் திறந்துவிட்டது. குரல் ஆரம்பித்தது.

"வானொலி மாற்றத் திட்டம். ரகசியம். ஒன்று. ஸ்பைரோ. கம்ப்யூட்டருக்கும் எண்ணெய்ச் சட்டிக்கும் வித்தியாசம் தெரியாதவர். சின்னச் சின்ன வார்த்தைகளாகப் பேசவும். இரண்டு. ராய். தூங்கும்போது ஓட்டெடுப்பு நடத்தவும். மூன்று. யூனா. வயது எழுபத்தைந்து. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் காலம் போய்விட்டது. கிறிஸ்மஸுக்கு முன்பு கேக் வெட்டி, நன்றி சொல்லி அனுப்பிவிட்டால், ஞாயிறு காலைக்குப் பாட்டுகளைத் தானாக ஓட விடலாம்."

அதன் அடியில் யூனாவின் குரல், எதுவும் தெரியாமல், எலிசபெத் பியர்ட்டின் பேத்திக்கு முதல் பல் முளைத்ததைச் சொல்லி வாழ்த்திக்கொண்டிருந்தது.

ரேலீன் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தார். "இத நீ எழுதினியா?"

"அது... சும்மா குறிப்பு..."

இந்தத் தடவை ரேலீன் ‘சரி கெல்’ சொல்லவில்லை. எழுந்து வானொலியை அணைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். நாற்பத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் அதை கெல்வின் முதல் தடவையாகப் பார்த்தார்.

வீட்டுச் செருப்போடு காரை எடுத்தார். வழியில் மூன்று பேர் அவரைப் பார்த்துக் கையாட்டினார்கள். வழக்கமாக அவரைக் கண்டால் கீழே எதையோ தேடுகிறவர்கள் அவர்கள்.

கொட்டகைக்குள் ஓடி, கணினியிலிருந்து போகிற கம்பியைப் பிடுங்கினார். யூனா மைக்கை மூடினார். "யாரு? கெல்வினா? மூச்சு வாங்குறது உன்ன மாதிரி இருக்கு."

"நான்தான் யூனா. சின்னத் தகராறு. நான் பாத்துக்கறேன்."

"என் காதுல ஒண்ணுமே வரலையே. வெளியில ஏதாவது வந்துதா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். கம்பம் ஏறுகிற காலத்திலிருந்து பேச்சுக்குக் குறை வைக்காத மனிதர், பிடுங்கிய கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். "கொஞ்சம் இரைச்சல்" என்றார்.

யூனா நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அலமாரியில் தன் விரலுக்குத் தெரிகிற புள்ளி எழுத்து ஒட்டிய பழைய சிடிக்களை எடுத்து, மிச்ச இரண்டு மணி நேரத்தையும் அதை வைத்தே நடத்தி முடித்தார். கெல்வின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவும் யாரும் இல்லை, போகவும் கால் வரவில்லை.

பதினொன்றரை மணிக்குள் யூனாவுக்கு நாலு பேர் சொல்லிவிட்டார்கள். ஸ்பைரோ நேரிலேயே போய், வரி பிசகாமல் சொன்னார். தன்னைப் பற்றிய வரியை மட்டும் கொஞ்சம் சுருக்கினார் என்று கேள்வி.

செவ்வாய்க்கிழமை, அதே பதினாலாம் தேதி, அவசரக் கூட்டம். கெல்வின் மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதிக்கொண்டு வந்திருந்தார், நாலு பக்கம். ஸ்பைரோ அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நான் சின்னச் சின்ன வார்த்தையா சொல்றேன் கெல். பழசப் போடு. சாவியக் குடு. வீட்டுக்குப் போ."

ராய் இந்தத் தடவை முழுக் கண்ணும் திறந்து உட்கார்ந்திருந்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். கெல்வின் பையிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"நான் ஒத்துக்கல" என்றார் யூனா.

ஸ்பைரோ திகைத்துப்போனார். "யூனா, உன்னப் பத்தித்தான் அவன்..."

"எனக்குத் தெரியும். ஊரே கேட்டுச்சு, நான் மட்டும்தான் கேக்கல. பழசு இன்னியோட செல்லாக்காசு, நாளைக்கு ஒரு கிருமி புகுந்தா என் பாட்டெல்லாம் போயிரும். அது ஒண்ணு. இன்னொண்ணு, பழசுக்குப் போனா இவன் தப்பிச்சுருவான்." ஸ்பைரோவின் குரல் வந்த திசைக்கு இல்லாமல், கெல்வின் மூச்சு விடுகிற திசைக்குச் சரியாகத் திரும்பினார். "பத்து நிமிஷத்துல கத்துக்கலாம்னு சொன்ன இல்ல? நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வா. நீ கத்துக்க. திரைய அணைச்சிட்டு."

"நானா?"

"நீதான். எழுபத்தொரு வயசுதானே உனக்கு? சின்னப் பிள்ளை. அப்புறம் கெல்வின், அந்தக் கேக் எந்தக் கடையில சொல்லியிருக்க? எனக்கு எலுமிச்சை போட்டதுதான் பிடிக்கும்."

புதன்கிழமை பத்து மணிக்குக் கெல்வின் போனார். யூனா தன் கையாலேயே திரையின் பொத்தானைத் தடவி அணைத்தார். சுட்டியைப் பிடுங்கி மேசை இழுப்பறையில் போட்டார். "ஒரு கடுதாசியத் திற, ஒரு வரி எழுது, மூடு. அவ்வளவுதான்."

கெல்வின் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். முதல் பத்து நிமிடத்தில் தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. குரல் எதையோ சொல்கிறது. அது எந்த மூலையில் இருக்கிறது, எத்தனை தள்ளி இருக்கிறது, ஒன்றும் பிடிபடவில்லை. இருபதாவது நிமிடம் கணினியை அணைத்துவிட்டார், தெரியாமல். மறுபடி முடுக்கினார். நாற்பதாவது நிமிடம் கடிதத்துக்குப் பதில் ஒரு கணக்குக் கருவியைத் திறந்துவைத்துக்கொண்டு அதில் ‘அன்புள்ள’ என்று தட்டிக்கொண்டிருந்தார். கழுத்தில் வியர்வை. யூனா பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார். உதவி செய்யவில்லை, ஒரு வார்த்தை குத்திச் சொல்லவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"ஒரு மணி நேரம் ஆச்சு" என்றார் யூனா ஒருவழியாக.

"நீங்க எப்படி இத... எல்லாத்தையும் மனசுல வச்சுக்கறீங்களா?"

"வேற எங்க வச்சுக்கறது?"

கெல்வின் விசைகளிலிருந்து கையை எடுத்தார். ஆறு வருடமாக இந்த மென்பொருளைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தவர். அதன் பின்பக்கம் ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. திரை அணைந்தே இருக்க, எழுந்து நின்று, "அந்தக் குறிப்பு நான் எழுதினதுதான். ‘கொஞ்சம் இரைச்சல்’னு சொன்னது பொய்" என்றார்.

"தெரியும். உக்காரு. இன்னும் கடுதாசி எழுதல நீ."

மூன்று வாரம் இப்படிப் போயிற்று; ஞாயிறு நேயர் விருப்பம் நின்றிருந்தது. கெல்வின் இரண்டாவது ஒலி வழியைப் பிரித்துக் கொடுத்தார், குரலின் வேகத்தை ஏற்றினார். இவர் ஒன்றைச் சரி செய்வார், யூனா உடனே நாலு குறையைக் கண்டுபிடிப்பார். இவர் கடிதம் எழுதக் கற்றுக்கொண்ட நாளில் யூனா முழு நிகழ்ச்சியையே நடத்தத் தயாராக இருந்தார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சிக்கல். பாட்டு ஓட்டுகிற மென்பொருளில் ‘நிறுத்து’ பொத்தானைக் குரல் படிக்காமல் தாண்டிப் போனது. கெல்வின் தலைகீழாக நின்று பார்த்தார், நகரவில்லை.

"இத யாரு செஞ்சது?" என்று கேட்டார் யூனா.

"உலகம் பூரா இருக்கறவங்க. அவங்களுக்கு எழுதலாம். ஆனா அவ்வளவு சீக்கிரம் பதில் போட மாட்டாங்க." அனுபவத்தில் சொன்னார். ஆறு வருடத்தில் அவர் அவர்களுடைய இணைய மன்றத்துக்கு எழுபதுக்கு மேல் கடிதம் எழுதியிருக்கிறார். எல்லாம் அவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்கிற ஆலோசனைகள். இரண்டு முறை அவர் பேச்சைப் பூட்டியே வைத்துவிட்டார்கள்.

யூனா ஏழு வரி எழுதினார். என்ன செய்தேன், எந்த விசையைத் தட்டினேன், என்ன கேட்டது, என்ன கேட்டிருக்க வேண்டும். மறுநாளே போர்த்துகலிலிருந்து டுவார்ட்டே என்கிற ஆள் பதில் போட்டார். யூனா இன்னும் இரண்டு வரி எழுதினார். பதினோராவது நாள் திருத்தம் வந்துவிட்டது. அந்தப் பதிப்போடு வந்த நன்றிப் பட்டியலில், கீழேயிருந்து மூன்றாவதாக: யூனா கிராக்னெல், போர்ட் ஹாலம்.

கெல்வின் அதை அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுபோய், ஜன்னலோரம் நின்று இரண்டு தடவை படித்தார்.

"உன் பேரு எங்க இருக்கு?" என்றார் ரேலீன்.

"என் பேரு இல்ல."

"ஓ" என்றார் ரேலீன். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு பேசாமல் இருந்தவர், நவம்பர் நடுவிலிருந்துதான் மறுபடி பேச ஆரம்பித்திருந்தார். "அந்தக் காகிதத்த குளிர்பெட்டியில ஒட்டு. எனக்கும் பாக்கணும்."

யூனா ஞாயிறு காலைக்குத் திரும்பினார். திரும்பிய முதல் நாள், நிகழ்ச்சியின் நடுவில் மைக்கில் ஒரு தடவை அதைப் பற்றிச் சொன்னார்: "நம்ம கம்ப்யூட்டர் மாறியிருக்கு. எனக்குப் பிடிச்சிருக்கு. உங்களுக்குப் பழசே போதும்னா அதுவே இருக்கட்டும், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். அடுத்த பாட்டு, துறைமுகத்துத் தெருவுல இருக்கற ஹெதருக்கு." அவ்வளவுதான். இருபது வினாடி இருக்கும்.

அந்த வாரமே இரண்டு பேர் யூனாவுக்குத் தொலைபேசியில் கேட்டார்கள். மார்ச் மாதத்துக்குள் எட்டு பேர். அதில் லாரலும் ஒருவர். யூனா எல்லாரையும் கெல்வினிடம் அனுப்பினார், ஒரு நிபந்தனையோடு.

அந்த நிபந்தனை என்ன என்பது கெல்வினுக்கு ஸ்பைரோவின் கடையில்தான் தெரிந்தது. ஸ்பைரோவின் கணினியும் அதே வயது, அதே அறிவிப்பு. மதியக் கூட்டம் கலைந்த பிறகு பின்பக்கம் மாவு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கெல்வின் வேலையை ஆரம்பித்தார். ஏற்றுகிற கோடு திரையில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. கெல்வின் நாற்காலியைத் திருப்பி, தொண்டையைச் செருமினார்.

"இதுல அடிப்படையில என்ன விஷயம்னா ஸ்பைரோ, சுதந்திரம்னு ஒண்ணு..."

"யூனா சொல்லி அனுப்பியிருக்கா" என்றார் ஸ்பைரோ, மீனைப் புரட்டிக்கொண்டே. "வேலைய வாங்கிக்க, பேச விடாதேன்னு."

கெல்வின் வாயை மூடினார். திரும்பி உட்கார்ந்தார். கோடு இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை. கொஞ்ச நேரம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். பிறகு படிக்கிற குரலை முடுக்கி, இயர்போனைக் காதில் மாட்டி, யூனா சொன்ன மாதிரி திரையை அணைத்துவிட்டு, முதல் விசையைத் தட்டினார். ஸ்பைரோ ஒரு தட்டில் நாலு துண்டு மீனும் வறுவலும் வைத்து அவர் முழங்கைக்குப் பக்கத்தில் தள்ளினார். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த கெல்வின் அதை ஆறும்வரை பார்க்கவில்லை.